மயக்க மருந்து இல்லாமல் பிஞ்சு இதயத்தைப் படித்தவர்: யார் இந்த ஹெலன் டாசிக்?

பிறந்து ஆறு வாரமே ஆன குழந்தை. இதயத்தில் ஏதோ கோளாறு இருக்கு, எக்கோவில் முழுசா தெரியல, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துடலாம்னு டாக்டர் சொல்கிறார். அப்பா, அம்மாவுக்கு உடனே வரும் பயம் ஒன்றுதான்: இந்தப் பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்தா?

நியாயமான பயம்தான். எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். உள்ளே டமடமவென்று சத்தம் வேறு. பெரியவர்களிடம் மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லலாம். கைக்குழந்தையிடம் என்ன சொல்வது? அதன் இதயம் நிமிடத்துக்கு 120 முதல் 160 முறை துடிக்கிறது. இதயமே ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான். குழந்தை கொஞ்சம் நெளிந்தாலும் படம் கலங்கிவிடும். அதனால்தான் பல ஆண்டுகளாக மயக்க மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு இந்த ஸ்கேனை எடுத்தார்கள்.

2016 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) ஒரு எச்சரிக்கை விடுத்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மயக்க மருந்தைத் திரும்பத் திரும்பவோ, ஒரே முறையில் மூன்று மணி நேரத்துக்கு மேலோ கொடுத்தால் வளரும் மூளை பாதிக்கப்படலாம் என்பது அதன் சாரம். ஒரு தடவை, கொஞ்ச நேரம் கொடுப்பதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம் என்றும் அது சொன்னது. ஆனால் பிறவியிலேயே இதயக் குறைபாடு உள்ள குழந்தைக்கு மயக்க மருந்து ஒரு தடவையோடு முடிவதில்லையே. ஆபரேஷன், கத்தீட்டர் பரிசோதனை, மறுபடியும் ஆபரேஷன் என்று வரிசையாக வரும். குறைக்க முடிந்த இடத்தில் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அதற்கு இப்போது உலகின் பல மருத்துவமனைகளில் கையாளப்படும் வழி, நம் வீட்டுப் பாட்டிகளுக்கு நன்றாகவே தெரிந்த வழி. ஸ்கேன் நேரத்துக்கு ஏற்ப ஒரு வேளைப் பாலைத் தள்ளிப்போடுகிறார்கள். பசியோடு வரும் குழந்தைக்கு ஸ்கேனுக்குச் சற்று முன்பு வயிறு நிறையப் பால். காதுக்கு அடைப்பு, அதற்கு மேல் ஒரு உறை. துணியில் இறுக்கமாகச் சுற்றி, சிறு மணிகள் நிரப்பிய மெத்தையில் கிடத்தி, மெத்தையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். மெத்தை குழந்தையின் உடம்புக்கு ஏற்ற அச்சு மாதிரி இறுகிவிடும். விளக்கை மங்கவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். தூங்கியதும் உள்ளே. நடுவில் அழுதால் வெளியே எடுத்து, தட்டிக் கொடுத்து, மறுபடியும் உள்ளே. மூச்சை அடக்கத் தேவையில்லாத மாதிரி படம் எடுக்கும் நுட்பங்களும் வந்துவிட்டன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இது பெரும்பாலும் பலிக்கிறது. அதைத் தாண்டிய, நீச்சலடிக்கிற மாதிரி கை கால் வீசும் குழந்தைகளிடம் கஷ்டம்தான்.

குழந்தையை மருந்தால் அடக்காமல், அதன் போக்குக்கு நாம் போய் இதயத்தைப் படிப்பது என்ற இந்தப் பொறுமைக்கு ஒரு முன்னோடி உண்டு. எம்ஆர்ஐ, எக்கோ எதுவும் இல்லாத காலத்தில், சரியாகக் காதும் கேட்காமல், குழந்தைகளின் இதயத்துக்கென்று ஒரு மருத்துவத் துறையையே உருவாக்கியவர். பெயர் ஹெலன் டாசிக்.

வாசிக்கத் திணறிய பேராசிரியர் மகள்

1898 மே 24 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜில் பிறந்தார் ஹெலன். அப்பா ஃபிராங்க் டாசிக், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பெயர்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்ணுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. இன்று டிஸ்லெக்சியா என்று சொல்கிறோமே, அதுதான். அன்று பள்ளிக்கூடங்களில் அந்தப் பெயரே பலருக்குத் தெரியாது. அப்பாதான் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஹெலனுக்கு 11 வயதானபோது அம்மா காசநோயில் இறந்துபோனார். ஹெலனையும் அதே நோய் தொற்றி, படிப்பு இன்னும் பின்தங்கியது.

எப்படியோ மேலேறி வந்து, 1921இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பட்டம் வாங்கினார். டாக்டராக வேண்டும் என்ற ஆசை. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்ப்பதில்லை. சில வகுப்புகளில் உட்காரலாம், பட்டம் மட்டும் கிடையாது என்ற நிலை. திசுவியல் வகுப்பில் ஆண் மாணவர்களோடு பேசாமல், தனியே ஒரு மூலையில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. (ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1945இல். அதற்குள் ஹெலன் உலகப் புகழ் பெறும் நிலைக்கு வந்துவிட்டார்.)

அடுத்து பாஸ்டன் பல்கலைக்கழகம். அங்கே ஒரு பேராசிரியர் அவர் கையில் ஒரு மாட்டு இதயத்தைக் கொடுத்து, இதை ஆராய்ந்து பார் என்று விட்டார். இதயத் தசை எப்படித் தாளம் தப்பாமல் சுருங்குகிறது என்ற அந்த ஆராய்ச்சி 1925இல் கட்டுரையாக வந்தது. அதே ஆசிரியரின் ஊக்கத்தில், பெண்களையும் சமமாகச் சேர்த்துக்கொண்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1927இல் எம்.டி. பட்டம் பெற்றார். பொது மருத்துவத்தில் பயிற்சி இடம் கிடைக்கவில்லை. ஒரு பெண்ணை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதாம். அதனால் குழந்தை மருத்துவத்துக்குப் போனார். 1930இல், பால்டிமோரில் ஹாப்கின்ஸின் குழந்தைகள் மருத்துவமனையான ஹாரியட் லேன் ஹோமில் இதயப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. கொடுத்தவர் குழந்தை மருத்துவத் துறைத் தலைவர் எட்வர்ட்ஸ் பார்க்.

காது போனது, விரல்கள் கற்றுக்கொண்டன

முப்பது வயதை ஒட்டி ஹெலனுக்குக் கேட்கும் திறன் குறைய ஆரம்பித்தது. இதய டாக்டருக்குக் காது போனால் என்ன மிச்சம்? அந்தக் காலத்தில் இதய மருத்துவம் என்பதே ஸ்டெதாஸ்கோப்தான். லப்-டப் ஒலிக்கு நடுவே வரும் முணுமுணுப்பை வைத்துத்தான் எந்த வால்வு கசிகிறது, எங்கே ஓட்டை என்று கணிப்பார்கள்.

அவர் காது கருவி வைத்துக்கொண்டார். உதட்டசைவைப் படிக்கப் பழகினார். ஒலியைப் பெருக்கும் ஸ்டெதாஸ்கோப்பைப் பயன்படுத்தினார். இதற்கெல்லாம் மேலாக, குழந்தையின் மார்பில் விரல்களை வைத்து, மற்றவர்கள் காதால் கேட்டதைத் தொட்டு உணரக் கற்றார். ரத்தம் குறுகலான வழியில் பாயும்போது உண்டாகும் அதிர்வு விரல் நுனிக்குத் தெரியும். குழந்தையின் மார்புச் சுவர் மெல்லியது என்பதால் பெரியவர்களைவிட நன்றாகவே தெரியும். ஆனால், வீறிட்டு அழும் குழந்தையிடம் இது நடக்காது. குழந்தை அமைதியாகும்வரை உட்கார வேண்டும்.

இன்னொரு துணை, பார்க் வாங்கிக் கொடுத்த ஃபுளோரோஸ்கோப். எக்ஸ்-ரே கதிரை உடம்பு வழியாகச் செலுத்தி, நிழலை ஒளிரும் திரையில் நேரடியாகப் பார்க்கும் கருவி இது. ஃபோட்டோ என்றால் ஆடாமல் இருக்க வேண்டும். ஃபுளோரோஸ்கோப்பில் வீடியோ மாதிரி, துடிக்கிற இதயத்தைத் துடிக்கும்போதே பார்க்கலாம். ஹெலன் குழந்தையை நேராக, சாய்வாக, பக்கவாட்டில் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த அறை பெருத்திருக்கிறது, நுரையீரலுக்கு ரத்தம் குறைவாகப் போகிறதா, நுரையீரல் தமனி இருக்க வேண்டிய இடத்தில் நிழல் காலியாக இருக்கிறதா என்று குறித்துக்கொண்டார். சில குழந்தைகள் இறந்துபோனார்கள். அப்போது பிரேதப் பரிசோதனையில் உண்மையான இதயத்தைப் பார்த்து, உயிரோடு இருந்தபோது தான் எழுதிய குறிப்போடு ஒப்பிட்டார். வருஷக்கணக்கில் இதே வேலை.

பிறவி இதயக் குறைபாடுகள் அன்று டாக்டர்களுக்கு ஒருவகை மியூசியம் சமாச்சாரம். கனடாவின் மான்ட்ரியாலில் மாட் அபாட் என்ற பெண் மருத்துவர் இப்படிப்பட்ட ஆயிரம் இதயங்களை வகைப்படுத்தி 1936இல் ஒரு பெரிய அட்லஸ் வெளியிட்டிருந்தார். ஹெலன் அவரைத் தேடிப்போய்ப் படித்தார். ஆனால் அபாட் பார்த்தவை பெரும்பாலும் ஜாடியில் இருந்த இதயங்கள். ஹெலன் தேடியது, உயிரோடு மடியில் இருக்கும் குழந்தையிடமே அதைக் கண்டுபிடிக்கும் வழியை.

நீலக் குழந்தைகளின் புதிர்

அவரிடம் வந்தவர்களில் பலர் நீலக் குழந்தைகள். உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கி, குந்தி உட்கார்ந்துவிடும். மிகப் பொதுவான காரணம், ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1888இல் விவரித்த நான்கு குறைகளின் கூட்டு: இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், மகாதமனி இடம் மாறி ஓட்டைக்கு மேல் உட்கார்ந்திருப்பது, வலது கீழறைச் சுவர் தடித்துப்போவது. விளைவு, போதுமான ரத்தம் நுரையீரலுக்குப் போய் ஆக்ஸிஜன் வாங்கி வருவதில்லை. மருந்து கிடையாது. பெற்றோருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

இந்தக் குழந்தைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஹெலனுக்கு ஒன்று உறைத்தது. நுரையீரல் வழி கிட்டத்தட்ட அடைந்தே இருந்தாலும் சில குழந்தைகள் பிறந்த சில நாள் ஓரளவு நன்றாக இருக்கிறார்கள். திடீரென்று ஒருநாள் கருநீலமாகி இறந்துவிடுகிறார்கள். ஏன் அந்த நாளில்?

கருவில் இருக்கும்போது நுரையீரல் வேலை செய்யாது. அதனால் நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. டக்டஸ் என்று பெயர். பிறந்த பிறகு அது தானாக மூடிக்கொள்ளும். நமக்கெல்லாம் அது நல்லது. ஆனால் நீலக் குழந்தைக்கு நுரையீரலுக்கு ரத்தம் போகும் கடைசி வழியே அந்தக் குழாய்தான். அது மூடும் நாள்தான் குழந்தை சாகும் நாள். குழாய் மூடாமல் தங்கிவிட்ட குழந்தைகள் தாக்குப்பிடிப்பதையும் அவர் கவனித்திருந்தார்.

அப்படியென்றால், செயற்கையாக ஒரு டக்டஸ் செய்துவிட்டால்?

1938இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற இளம் அறுவை மருத்துவர், மூடாமல் தங்கிய டக்டஸைக் கட்டி அடைத்து சாதனை படைத்திருந்தார். ஹெலன் அவரிடம் போனார். அடைக்கத் தெரிந்தவருக்கு உருவாக்கவும் தெரியும் என்ற கணக்கு. கிராஸுக்கு அதில் ஆர்வம் வரவில்லை. ஊர் திரும்பினார். 1941இல் ஹாப்கின்ஸுக்கு அறுவை சிகிச்சைத் துறைத் தலைவராக ஆல்ஃபிரட் பிளலாக் வந்தார். கூடவே அவருடைய ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ். ஹெலன் தன் யோசனையை இவர்களிடம் கொண்டுபோனார்.

விவியன் தாமஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியாது. கறுப்பினத்தவர். பள்ளிப் படிப்போடு நின்றவர். கல்லூரிக்குச் சேர்த்த பணம் பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கியோடு போய்விட்டது. நாய்களிடம் சுமார் 200 பரிசோதனைகள் செய்து, கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியில் தைக்கும் முறையைத் தேற்றியவர் அவர்தான். அவரும் பிளலாக்கும் முன்பு வேறொரு ஆராய்ச்சிக்காக இதே இணைப்பைச் செய்து பார்த்திருந்தார்கள். அது நினைத்த பலனைத் தரவில்லை. இங்கே உதவியது.

ஒரு அறை, 15 மாதக் குழந்தை

1944 நவம்பர் 29. குழந்தைக்கு வயது 15 மாதம், எடை நாலு கிலோவை ஒட்டி. இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு மயக்க மருந்து இல்லாமல் சமாளிக்கலாம், அறுப்பதற்கு முடியாது. மயக்க மருந்துப் பிரிவின் தலைமை மருத்துவரே, இவ்வளவு மோசமான நிலையில் உள்ள குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்து என்று ஒதுங்கிக்கொண்டார். இளம் மருத்துவர் ஒருவர்தான் துணிந்து ஈதர் கொடுத்தார். பிளலாக் கத்தியைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, தையல் எப்படிப் போக வேண்டும் என்று விவியன் தாமஸ் வழிகாட்டினார். அவ்வளவு சின்ன ரத்தக் குழாய்க்கு ஊசிகூட அன்று கடையில் கிடையாது. இருந்ததை அவரே வெட்டித் தேய்த்துச் செய்தவை. ஹெலன் குழந்தையின் பக்கத்தில் நின்றார்.

குழந்தை பிழைத்தது. நிறம் தேறியது. சில மாதங்களில் மறுபடியும் நீலம் பாரித்து, இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனது. ஆனால் 1945 பிப்ரவரியில் மூன்றாவதாக வந்த ஆறு வயதுப் பையனுக்குத் தமனியின் பிடியைத் தளர்த்தியதுமே, மேஜையிலேயே உதடு ரோஜா நிறமானது. மே மாதம் மூன்று பேரின் விவரமும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. பிறகு உலகின் எல்லாப் பக்கமிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்தார்கள் பெற்றோர். சில ஆண்டுகளிலேயே இந்த ஆபரேஷன்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

அந்தக் கட்டுரையில் பிளலாக், டாசிக் என்று இரண்டு பெயர்கள்தான் இருந்தன. தாமஸ் பெயர் இல்லை. இன்று இதை பிளலாக்-தாமஸ்-டாசிக் ஷன்ட் என்று சொல்கிறார்கள். ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1976இல்தான். ஹெலனுக்கும் ரொம்ப தாராளம் காட்டிவிடவில்லை. பிளலாக்கை அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் 1945இலேயே உறுப்பினராக்கியது. ஹெலனுக்கு அந்த இடம் 1973இல். முழுப் பேராசிரியர் பதவியே 1959இல், 61 வயதில்தான் வந்தது.

1947இல் அவர் எழுதிய பிறவி இதயக் குறைபாடுகள் பற்றிய நூல்தான் இத்துறையின் முதல் பாடநூல். டக்டஸ் பற்றிய அவருடைய கவனிப்பு இன்னும் வேலை செய்கிறது. இன்று நுரையீரல் வழி அடைந்து பிறக்கும் குழந்தைக்கு முதலில் பிராஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். டக்டஸை மூடவிடாமல் வைத்திருக்கும் மருந்து அது.

ஆபத்தே இல்லாத தூக்க மாத்திரை

1962 ஜனவரியில் ஹெலனிடம் முன்பு பயிற்சி பெற்ற ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் போய்ரன் பால்டிமோருக்கு வந்திருந்தார். ஜெர்மனியில் கை கால் வளராமல், தோளிலிருந்தே விரல்கள் முளைத்த மாதிரி குழந்தைகள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கிறார்கள், ஒரு தூக்க மருந்துமேல் சந்தேகம் என்று அவர் சொன்னார். அடுத்த சில நாளில் ஹெலன் விமானம் ஏறிவிட்டார். வயது 63.

அந்த மருந்து தாலிடோமைடு. 1957இலிருந்து மேற்கு ஜெர்மனியில் டாக்டர் சீட்டே இல்லாமல் விற்றார்கள். எவ்வளவு விழுங்கினாலும் சாவு வராது, அதனால் ஆபத்தே இல்லாத தூக்க மருந்து என்று பெயர். கர்ப்பிணிகள் தூக்கத்துக்கும் வாந்திக்கும் சாப்பிட்டார்கள். இதன் சிரப்பைக் குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். பெற்றோர் சினிமாவுக்குப் போகும்போது பிள்ளையைத் தூங்கவைக்க ஆனது. மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு இஇஜி எடுக்கும்போது அசையாமல் கிடக்கவைக்கவும் ஆனது. பரிசோதனைக்காகக் குழந்தையைத் தூங்கவைக்கும் கேள்வி இங்கேயும் வந்துவிட்டது, பாருங்கள். இந்தத் தகவலை எழுதிவைத்தவரும் ஹெலன்தான்.

ஜெர்மனியில் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளைப் பார்த்தார், டாக்டர்களிடமும் தாய்மார்களிடமும் விசாரித்தார். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் சாப்பிட்ட சில மாத்திரைகளே போதும் என்பது அவருக்கு உறுதியானது. பல குழந்தைகளுக்கு இதயக் குறைபாடும் இருந்தது. அமெரிக்காவில் எஃப்டிஏவின் ஃபிரான்சஸ் கெல்சி இம்மருந்துக்கு அனுமதி தராமல் இழுத்துப் பிடித்திருந்தார். ஆனாலும் பரிசோதனை மருந்து என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களிடம் அது போயிருந்தது. ஊர் திரும்பிய ஹெலன் மருத்துவக் கூட்டங்களில் பேசினார், பத்திரிகைகளில் படங்களோடு எழுதினார், நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். அந்த ஆண்டு அக்டோபரில், மருந்து பாதுகாப்பானது என்பதோடு பலனளிக்கிறது என்பதையும் கம்பெனியே நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் மாறியது. அதற்குள் உலகம் முழுக்க பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அப்படிப் பிறந்திருந்தார்கள்.

மயக்கமும் தூக்கமும் தரும் மருந்துகள் எல்லாமே தாலிடோமைடு இல்லை. இன்று ஆபரேஷன் அறையில் பயன்படும் மருந்துகள் வேறு, கண்காணிப்பும் வேறு. உங்கள் குழந்தைக்கு மயக்க மருந்து தேவை என்று டாக்டர் சொன்னால் தாலிடோமைடை நினைத்து மறுக்க வேண்டாம். இந்த ஸ்கேனைப் பால் கொடுத்துத் தூங்கவைத்து எடுக்க முடியுமா என்று கேட்கலாம். அதற்குப் பழகிய நர்சும், நேரம் ஒதுக்கத் தயாரான ஸ்கேன் மையமும் வேண்டும். நம்மூரில் பிரச்சினை பெரும்பாலும் அந்த நேரம்தான். வெளியே பதினைந்து பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது ஒரு குழந்தை தூங்கட்டும் என்று எந்திரத்தைச் சும்மா நிறுத்திவைக்க யாருக்கு மனசு வரும்?

1963இல் ஓய்வு பெற்றார் ஹெலன். 1964இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையால் நாட்டின் உயரிய குடிமக்கள் விருது. 1965இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, தன்னிடம் வைத்தியம் பார்த்துப் பிழைத்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாவதைக் கடிதம் மூலம் தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருந்தார். எண்பது வயதைத் தாண்டியும் பறவைகளின் இதயங்களை அறுத்துப் பார்த்து, மனிதக் குழந்தைக்கு வரும் அதே குறைகள் அவற்றுக்கும் வருகிறதா என்று ஆராய்ந்தார்.

1986 மே 20. பென்சில்வேனியாவில் உள்ளூர்த் தேர்தல். தோழிகளை ஓட்டுப்போடக் காரில் அழைத்துப்போனார். காரை ஓட்டியவர் அவரே. வழியில் நடந்த விபத்தில் இறந்தார். 88ஆவது பிறந்தநாளுக்கு நாலு நாள் இருந்தது. இதயத்தை எம்ஆர்ஐயில் பார்க்கும் முயற்சிகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன.